இஸ்திரிப் பலகையும் மூன்று தலைமுறைகளும்

புதிய நாடகம் ஒன்று மேடையேறுகிறது. பார்த்தவர்களில் பாதிப்பேர் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். மீதிப்பேர் முகம் சுளித்துக்கொண்டு வெளியே போகிறார்கள். இப்போது குறை நாடகத்திலா, பார்த்தவர்களிடமா?

பெரியவர்களைக் கேட்டால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை" என்பார்கள். பிள்ளைகளைக் கேட்டால், "பெரியவர்களுக்குப் புதுமை பிடிக்காது" என்பார்கள். இரண்டு பதிலும் சுலபமானவை. ஆனால் இரண்டும் முழு உண்மையல்ல. ஒரு நாடகத்தைப் பார்க்கும்போது, மேடையில் தம்முடைய இடம் எங்கே என்றுதான் ஒவ்வொருவரும் முதலில் தேடுகிறார்கள். அந்த இடம் கௌரவமாக இருந்தால் மனம் நிறைகிறது. அது அவமானப்படுத்தப்பட்டாலோ, இல்லாமலே போனாலோ கோபம் வருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை தீர்ப்பு மாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

இதைத் தெளிவாகக் காட்டும் சம்பவம் ஒன்று 1956ஆம் ஆண்டு லண்டனில் நடந்தது.

மேடைக்கு வந்த ஒற்றை அறை

1956 மே 8ஆம் தேதி, லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் 'லுக் பேக் இன் ஆங்கர்' என்ற நாடகம் அரங்கேறியது. 'கோபத்தோடு திரும்பிப் பார்' என்பது தலைப்பின் பொருள். எழுதியவர் ஜான் ஆஸ்போர்ன். அப்போது அவருக்கு வயது 26. தேம்ஸ் நதியில் நிறுத்தியிருந்த ஒரு படகில் குடியிருந்த ஏழை நடிகர் அவர். நாடக முகவர்கள் பலரும் திருப்பி அனுப்பிய கைப்பிரதி அது. புதிய எழுத்தாளர்களைத் தேடிக்கொண்டிருந்த ஜார்ஜ் டிவைன் என்பவர்தான் துணிந்து அதை ஏற்றார். இயக்கியவர் டோனி ரிச்சர்ட்சன்.

கதை எளிமையானது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரம். மாடி உச்சியில் ஒற்றை அறை. அங்கே ஜிம்மி போர்ட்டர் என்ற இளைஞனும் அவன் மனைவி அலிசனும் வசிக்கிறார்கள். ஜிம்மி பல்கலைக்கழகத்தில் படித்தவன். ஆனால் சந்தையில் மிட்டாய்க் கடை வைத்துப் பிழைக்கிறான். அவள் வசதியான குடும்பத்துப் பெண். ஞாயிற்றுக்கிழமை மாலை. அவன் நாளிதழைப் புரட்டியபடி நாட்டையும் தேவாலயத்தையும் மாமனார் மாமியாரையும் வாய் ஓயாமல் திட்டுகிறான். அவள் பேசாமல் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறாள்.

திரை விலகி அந்த இஸ்திரிப் பலகை தெரிந்தபோதே பார்வையாளர்களில் சிலர் திடுக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்று லண்டனின் பெரிய அரங்குகளில் நாடகம் என்றால் அழகான வரவேற்பறை, தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு, நாசூக்கான பேச்சு என்றுதான் பழக்கம். அழுக்குத் துணியும் வாடகை அறையும் மேடைக்கு வரக்கூடியவை என்று அந்தப் பார்வையாளர்கள் நினைக்கவில்லை.

பெரியவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு

முதல் இரவிலேயே லண்டன் நாடக உலகின் செல்வாக்குமிக்க தயாரிப்பாளர் பின்கி பியூமாண்ட் இடைவேளையோடு எழுந்து போய்விட்டார். அன்றைய புகழ்பெற்ற நாடக ஆசிரியர் டெரன்ஸ் ராட்டிகனும் போகத்தான் நினைத்தார். நண்பர் ஒருவர் இருக்கச் சொன்னதால் இருந்தார். தம்மைப்போல் எழுதக்கூடாது என்பதற்காகவே எழுதிய நாடகம் போலிருக்கிறது என்ற பொருளில் பிறகு ஒரு நிருபரிடம் கிண்டலாகச் சொன்னார். மறுநாள் வந்த விமர்சனங்கள் கலவையாக இருந்தன. அரங்கின் விளம்பர அதிகாரிக்கே நாடகம் பிடிக்கவில்லை. அதை ஆஸ்போர்னிடமே சொன்ன அவர், 'கோபக்கார இளைஞன்' என்று அவரை வருணித்தார். அந்தப் பெயர் பத்திரிகைகளில் பரவி ஒரு தலைமுறைக்கே பட்டமாகிவிட்டது. 1970களில் இந்தித் திரையில் அமிதாப் பச்சனுக்கு வாய்த்த 'ஆங்ரி யங் மேன்' என்ற அடைமொழியின் மூலம் இதுதான்.

பெரியவர்களின் கசப்பை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. இரண்டு உலகப் போர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். உணவுப் பங்கீட்டு அட்டையோடு காலம் தள்ளியவர்கள். பிரிட்டனில் அந்தப் பங்கீடு முழுமையாக முடிந்ததே 1954ஆம் ஆண்டில்தான். அவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய வாழ்க்கையை, 25 வயதுப் பையன் ஒருவன் மேடையில் நின்று செத்த வாழ்க்கை என்கிறான். உழைத்துக் கட்டிய வீட்டைப் பிள்ளை பழித்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும்?

நாடகத்திலேயே அந்தத் தலைமுறைக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார். அலிசனின் தந்தை கர்னல் ரெட்பெர்ன். 1914இல் இந்தியாவுக்குப் போய், ஒரு மகாராஜாவின் படையை நடத்தி, 1947இல் நாடு திரும்பியவர். அவர் விட்டுப்போன இங்கிலாந்தும் அங்கே இல்லை, வாழ்ந்த இந்தியாவும் இனி இல்லை. ஆஸ்போர்ன் அவரைக் கேலிப் பொருளாக்கவில்லை. காலம் மாறியது புரியாமல் கலங்கும் நல்ல மனிதராகவே படைத்தார். எல்லாம் மாறிவிட்டதென்று தந்தைக்கு வருத்தம், எதுவும் மாறவில்லையென்று கணவனுக்கு வருத்தம் என்று மகளே எடுத்துச் சொல்கிறாள். தலைமுறை இடைவெளிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது அரிது.

67 இலட்சத்து 33 ஆயிரம் பேர்

அரங்கேற்றம் முடிந்து ஐந்தாவது நாள், மே 13ஆம் தேதி, 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் கென்னத் டைனன் என்ற விமர்சகர் நாடகத்தைப் பெரிதும் பாராட்டி எழுதினார். அவருக்கு வயது 29. இது சிறுபான்மையினருக்கு மட்டுமே பிடிக்கக்கூடிய நாடகம் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அந்தச் சிறுபான்மையின் அளவு சுமார் 67 இலட்சத்து 33 ஆயிரம் என்று ஒரு கணக்கும் சொன்னார். அது பிரிட்டனில் 20 முதல் 30 வயதுக்குட்பட்டவர்களின் எண்ணிக்கை! இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய விரும்பும் மற்ற வயதினரும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள் என்றும் எழுதினார்.

யார் அந்த இளைஞர்கள்? 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது படித்து மேலே வந்தவர்கள் அவர்களில் உண்டு. படிப்புக்குக் கதவு திறந்தது. ஆனால் நல்ல பதவிக்கும் பெரிய இடத்துப் பழக்கத்துக்கும் இன்னும் குடும்பப் பெயரும் பேச்சு வழக்கும் தேவைப்பட்டன. கட்டாயத் தேசியச் சேவை முடித்த ஆண்களும் அவர்களில் ஏராளம். கொரியா, கென்யா, சைப்ரஸ், அவசரகால மலாயா என்று அவர்கள் அனுப்பப்பட்டார்கள். நம் ரப்பர்த் தோட்டங்களை ஒட்டிய காடுகளில் துப்பாக்கியோடு சுற்றிய 19 வயதுப் பிரிட்டிஷ் சிப்பாயும், திரும்பிப் போனபின் ஜிம்மியின் தலைமுறைதான். மங்கிக்கொண்டிருந்த ஒரு பேரரசுக்காக இரண்டு வருடத்தைக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு, ஜிம்மியின் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த இளைஞர்கள் அரங்குக்கு வரவில்லை. நாடகம் தங்களுக்குரிய இடமில்லை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள்.

தொலைக்காட்சி திறந்த கதவு

அரங்கில் கூட்டம் சுமாராகவே இருந்தது. 1956 அக்டோபரில் பிபிசி தொலைக்காட்சி நாடகத்தின் ஒரு பகுதியை ஒளிபரப்பியது. நிலைமை தலைகீழானது. வசூல் வேகமாக உயர்ந்தது. அதுவரை நாடகக் கொட்டகைப் பக்கமே வராத இளைஞர்கள் வந்தார்கள். எந்தப் பக்கம் போவது, இங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் அவர்கள் சுற்றுமுற்றும் பார்த்து நின்றதை அரங்கில் வேலை செய்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

வெளியுலகமும் அதே நேரத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். ஆண்டின் இறுதிக்குள் பிரிட்டன் அங்கே படையை அனுப்பி, உலக எதிர்ப்புக்குப் பணிந்து திரும்பப் பெற்றது. மே மாதத்தில் தேசத்துரோகம் போலக் கேட்ட வசனங்கள், டிசம்பரில் சாதாரண மனிதர்களின் பேச்சாகிவிட்டன. நாடகத்தின் வசனம் மாறவில்லை. கேட்பவர்களின் காது மாறியது.

வயதானவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதும் சரியல்ல. மாபெரும் நடிகர் லாரன்ஸ் ஒலிவியருக்கு அப்போது வயது 49. முதல் முறை பார்த்தபோது அவருக்கு நாடகம் அறவே பிடிக்கவில்லை. பிறகு, இங்கிலாந்து வந்திருந்த அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் பார்க்க விரும்பியதால் இரண்டாம் முறை போனார். மில்லருக்குப் பிடித்திருந்தது. ஒலிவியரும் புதிய கண்ணோடு பார்த்தார். தமக்கும் ஒரு பாத்திரம் எழுத முடியுமா என்று 26 வயது ஆஸ்போர்னிடம் அவரே கேட்டார். அப்படிப் பிறந்தது 'தி என்டர்டெய்னர்'. 1957 ஏப்ரலில் அதே ராயல் கோர்ட் மேடையில், பழைய கேளிக்கை அரங்குகளின் தோற்றுப்போன கோமாளியாக ஒலிவியர் நடித்தார். அவருடைய வாழ்நாளின் சிறந்த வேடங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது. இரண்டாம் முறை பார்க்கும் பொறுமை ஒரு மூத்த கலைஞருக்குப் புதுவாழ்வு கொடுத்தது என்றால் மிகையாகாது.

பேத்திகள் கேட்ட கேள்வி

இதுவரை இளைஞர்கள் சரி, பெரியவர்கள் தவறு என்பதுபோல் தோன்றலாம். கதை அங்கே முடியவில்லை.

1956இல் பெரும்பாலான பேச்சு ஜிம்மியைப் பற்றியே இருந்தது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அலிசனைப் பற்றி அவ்வளவாக இல்லை. ஆனால் மேடையில் நடப்பது என்ன? ஜிம்மி மனைவியை மணிக்கணக்காகக் குத்திப் பேசுகிறான். அவள் கர்ப்பமாக இருப்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரு குழந்தை பிறந்து அது சாகவேண்டும் என்றே சொல்கிறான். அவள் பிரிந்து போகிறாள். குழந்தையை இழக்கிறாள். பிறகு அவனிடமே திரும்பி வருகிறாள். இடையில் அவளுடைய தோழி ஹெலினா அதே வீட்டில், அதே பலகையில் இஸ்திரி போடுகிறாள். பெண் மாறினாலும் பலகை மாறவில்லை!

பெண்ணுரிமைச் சிந்தனை வளர்ந்த பின் வந்த தலைமுறைகளுக்கு ஜிம்மி புரட்சிக்காரனாகத் தெரியவில்லை. சமூகத்தின் மேலுள்ள கோபத்தை வீட்டுப் பெண்ணின்மேல் இறக்குபவனாகத் தெரிந்தான். 2024இல் லண்டன் அல்மைடா அரங்கம் இந்த நாடகத்தை மீண்டும் மேடையேற்றியபோதும், எழுந்த முக்கியக் கேள்வி இதுதான்: அவன் கோபத்துக்கு விலை கொடுப்பது யார்? ஒருகாலத்தில் இளைஞர்களைக் கொண்டாட வைத்த அதே காட்சி, இன்றைய இளையோரை நெளிய வைக்கிறது.

அன்றே இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வந்தது. 1958 மே மாதம் ஷீலா டிலேனி என்ற 19 வயதுப் பெண் எழுதிய 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' லண்டனில் மேடையேறியது. ஏழைக் குடியிருப்பில் தாயோடு மல்லுக்கட்டும் ஒரு பெண்ணின் கதையை அவள் பார்வையிலேயே அது சொன்னது. ஆக, ஒரு நாடகத்தில் இல்லாத இடத்தை இன்னொரு நாடகம் உண்டாக்குகிறது. குறைக்குச் சிறந்த மறுமொழி தடையல்ல, அடுத்த படைப்பு.

ஆஸ்போர்னுக்கும் காலம் ஒரு பாடம் வைத்திருந்தது. 1992இல் அவர் எழுதிய 'தேஜாவூ' என்ற தொடர்ச்சி நாடகம் மேடையேறியது. அதில் ஜிம்மிக்கு வயதாகிவிட்டது. இப்போது அவன் இந்தக் காலத்தையும் இளையவர்களையும் சாடுகிறான்! அது நீண்ட நாள் ஓடவில்லை. மறுபுறம், பழையவர் என்று ஒதுக்கப்பட்ட ராட்டிகனின் 'தி டீப் புளூ சீ' 1993இல் அதே அல்மைடா அரங்கில் மேடையேறியபோது புதிய தலைமுறை அதை வரவேற்றது. அவர் காட்டிய அடக்கமான துயரத்தின் ஆழம் அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

அரங்கை விட்டு வெளியே வரும்போது

இந்த வரலாறு நம் சமூகத்துக்கும் பொருந்தும். நம்மவர் நாடகங்களுக்கு ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் சேர்ந்து போவதுண்டு. சாதி, குடிப்பழக்கம், குடும்பச் சண்டை, கலப்புத் திருமணம் என்று எதையாவது வெளிப்படையாகத் தொட்டால், வீடு திரும்பும் காரில் பேச்சே இருக்காது. தாத்தா வெளியே பார்ப்பார். பேரன் கைத்தொலைபேசியைப் பார்ப்பான்.

அந்த மௌனம்தான் உண்மையான இழப்பு. நாடகம் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதோடு விட்டுவிடாமல், "எந்த இடத்தில் வலித்தது?" என்று ஒருவரையொருவர் கேட்கலாம். "இதில் பேசாமல் இருந்தது யார்?" என்று கேட்கலாம். கோபப்பட்ட தாத்தாவிடம் அவர் காத்துவந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது. கைதட்டிய பேரனிடம் வெளியே சொல்லாத ஒரு குறை இருக்கிறது. முகம் சுளித்த பேத்தி, மற்ற இருவரும் கவனிக்காத ஒருத்தியைக் கவனித்திருக்கக்கூடும்.

மேடையில் நடந்தது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைப் பற்றி வீட்டில் நடக்கவேண்டிய பேச்சு, நாடகத்தைவிட முக்கியமானது.