எச்ஐவி: மிஸ்ஸிகளுக்கு அளிக்கப்படும் பயிற்சியில் கடினமான பாடம் எது?

அரசாங்கத் தாய்சேய் கிளினிக்கில் கர்ப்பத்தைப் பதிவு செய்யப் போகும் பெண்ணுக்கு இளஞ்சிவப்புப் புத்தகம் ஒன்று கொடுக்கப்படும், இரத்தமும் எடுக்கப்படும். இரத்தசோகை, இரத்தப் பிரிவு ஆகியவற்றோடு எச்ஐவியும் அதில் பார்க்கப்படுவது பலருக்குத் தெரியாது. 1998ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் இது நடைமுறையில் உள்ளது.

சிகிச்சையே இல்லாவிட்டால், எச்ஐவி உள்ள தாய்மார்களின் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகலாம். தாய் தினமும் மாத்திரை எடுத்து, பிறந்த குழந்தைக்குச் சில வாரங்கள் மருந்து கொடுத்து, தாய்ப்பாலையும் தவிர்த்தால் அது 2க்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதன் பலனாகவே 2018இல், தாயிடமிருந்து சேய்க்கு எச்ஐவியும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடாக உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் இந்த அங்கீகாரத்தை முதலில் பெற்றது நம் நாடுதான்.

மருந்தின் அளவை மிஸ்ஸிகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். பயத்தைப் போக்குவதற்குத்தான் நாளாகும். நோயாளிக்குப் போட்ட ஊசி கைதவறித் தன்மேல் குத்திவிட்டால் என்ன ஆகும் என்பதே பயிற்சிக்கு வருபவர்களின் முதல் கேள்வி. அப்படிக் குத்தும் 1,000 சம்பவங்களில் ஏறக்குறைய மூன்றில்தான் தொற்று ஏற்படுகிறது. உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி, 28 நாள் எடுத்தால் ஆபத்து மேலும் குறையும். இது தெரியாத ஊழியர்தான் நோயாளியைத் தொடவே தயங்குவார். அந்தத் தயக்கம் நோயாளியின் கண்ணுக்குத் தப்பாது.

அடுத்தது பேச்சு. துரிதப் பரிசோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டினால் அதுவே இறுதி முடிவு அல்ல. இரத்தம் ஆய்வுக்கூடத்திற்குப் போய் உறுதியாக வேண்டும். இதைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமில்லாமல், அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். "யாரிடமிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டால் அவர் மறுபடி வரமாட்டார். கணவருக்குத் தெரிவிப்பதும் பக்குவமாகச் செய்ய வேண்டிய காரியம்.

எல்லாவற்றையும்விடக் கடினம் வாயைக் கட்டுவது. தோட்டத்திலும் சிறுபட்டணத்திலும் மிஸ்ஸியின் சித்தி, நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம். கோப்பின் மேல் பெரிய எழுத்தில் நோயின் பெயரை எழுதி, மேசையில் திறந்து வைத்தாலே போதும், சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். சேதி வெளியே போனால் பாதிக்கப்படுவது அந்தப் பெண் ஒருவர் மட்டுமல்ல. அடுத்து வரவேண்டியவர்களும் பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

குழந்தைக்குத் தொற்று இல்லை என்று உறுதிசெய்ய 18 மாதம் வரை பரிசோதனை தொடரும். அதுவரை அந்தத் தாய் மறுபடி மறுபடி அதே கிளினிக்கிற்கு, அதே மிஸ்ஸியிடம்தான் வந்தாக வேண்டும்.