அறுபதில் ஒரு நாழிகை

வாழ்நாளில் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடத்திலேயே கழித்தவன் நான். ஆயினும் 'பள்ளி' என்னும் சொல்லின் பொருளை நின்று எண்ணிப் பார்த்தது அண்மையிலேதான். படுக்கை, துயிலிடம் என்பன அச்சொல்லுக்குரிய பழைய பொருள்கள். திருமால் பள்ளிகொண்டான் என்கிறோம்; அரசர் துயிலும் இடத்தைப் பள்ளியறை என்கிறோம். சமண, பௌத்தத் துறவியர் தங்கியிருந்த இடமும் பள்ளி எனப்பட்டது. அவர்கள் அங்கே கல்வி புகட்டியமையால் கல்விக்கூடத்துக்கும் அப்பெயர் வந்தது என்பர். இதனினும் வியப்பு ஒன்று உண்டு. ஆங்கிலத்திலே 'ஸ்கூல்' என்னும் சொல்லுக்கு மூலமாகிய 'ஸ்கொலே' என்ற கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் ஓய்வு என்பதே. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள் கல்விக்கூடத்துக்குப் பெயர் தேடி ஒரே வாசலில் வந்து நின்றிருக்கின்றன. இன்று எங்கள் பாடசாலைகளில் ஓய்வைத் தவிர மற்றெல்லாம் உண்டு.

பாடசாலையை மட்டும் குறைகூறுவானேன்? விடியுமுன் எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுக்கும் தாய், பகலைக் கந்தோரிலும் மாலையைப் பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு ஏற்றியிறக்குவதிலும் கழிக்கும் தந்தை, அவ்வகுப்பு முடிந்து இரவிலே வீடு திரும்பும் பிள்ளை ஆகிய மூவரையும் கேளுங்கள். மூவரும் நேரமில்லை என்றே சொல்வர். வேலையெல்லாம் முடிந்து மிஞ்சும் பொழுதில் ஓய்வு கொள்ளலாம் என்று எண்ணுகிறோம், மிஞ்சுவதேயில்லை. உண்டு மிஞ்சியதை விதைநெல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று எந்தக் கமக்காரனும் இருப்பதில்லை. சூடு அடித்த கையோடே அவன் விதைநெல்லை வேறாக்கிவிடுகிறான்.

ஓய்வு தானாக வாய்ப்பதில்லை என்பதை உலகம் பட்டறிந்தே கற்றது. 1919ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழில் தாபனம் தன்னுடைய முதலாவது சமவாயத்திலேயே கைத்தொழில் வேலையை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என வரையறுத்தது. இலங்கையிலே 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்றது. இவ்வெல்லைகள் வெறும் சலுகைகள் அல்ல. உலக சுகாதார தாபனமும் சர்வதேசத் தொழில் தாபனமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று, வாரத்துக்கு 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பாரிசவாதமும் இருதய நோயால் இறப்பும் நேரும் ஆபத்து மிகுதி என்று காட்டுகின்றது.

ஆயினும் சட்டம் காப்பது கந்தோர் நேரத்தையே. முன்னாளில் நம்முடைய வேலைக்குள்ளேயே இடைவெளிகள் இருந்தன. பஸ் வண்டி வரும்வரை ஆலமரத்தடியில் என் தந்தையார் அரைமணி நேரம் சும்மா நிற்பார். அதற்கு ஓய்வென்று பெயர் என்பது அவருக்குத் தெரியாது. இன்று நாமும் அதே மரத்தடியில்தான் நிற்கிறோம். ஆனால் கையிலே தொலைபேசி இருக்கின்றது. கந்தோரும் கடன்காரரும் உலகத்துச் சண்டைகளும் அதற்குள்ளிருந்து வந்து அந்த அரைமணியை நிரப்பிவிடுகின்றன.

இதை நான் பிறருக்கு உரைக்கும் தகுதியுடையவன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாடசாலையில் பிரதி அதிபராயிருந்தேன். பரீட்சை விண்ணப்பப் படிவங்கள் மேசைமேல் குவிந்திருந்த ஒரு நாளில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறை வாசலில் வந்து நின்றான். தலை நிமிராமலே, "பிறகு வா, தம்பி" என்றேன். மறுநாளும் வந்தான், மறுநாளும் அவ்வாறே சொன்னேன். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. என் அறைக்கு மட்டுமன்று, பாடசாலைக்கே வரவில்லை. தந்தையார் நோயுற்றமையால் தொலைவிலுள்ள கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று இரு வாரங்களின் பின் அறிந்தேன். அவன் என்னிடம் என்ன சொல்ல வந்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. படிவங்கள் உரிய நாளில் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு நிமிடம் அன்று என்னிடம் இருந்தது. நிமிர்ந்து பார்க்கும் மனமே இருக்கவில்லை.

அதன் பின்னரே நாளொன்றுக்கு ஒரு நாழிகையை முதலிலேயே வேறாக எடுத்து வைக்கலானேன். நாழிகை என்பது 24 நிமிடம். பகலும் இரவும் சேர்ந்தது 60 நாழிகை. பாடசாலை மணி அடிக்குமுன், தொலைபேசியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, முற்றத்து வேப்பமரத்தின் கீழுள்ள வாங்கில் அமர்வேன். முதற் சில நாட்கள் அது பெருந்தொல்லையாயிருந்தது. செய்யாமல் விட்ட வேலைகள் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன. பத்து நாளளவில் அவற்றின் ஆரவாரம் தணிந்தது. அப்பொழுதுதான் அம்மரத்தில் அணிலொன்று கூடு கட்டியிருப்பதைக் கண்டேன். எத்தனை காலமாக இருந்ததோ!

அந்த நேரத்தில் யாது செய்வது என்று சிலர் கேட்கின்றனர். தியானம் கைவந்தவர் தியானிக்கட்டும். எனக்கு அது கைவரவில்லை. சார்ள்ஸ் டார்வின் தம் வீட்டு வளவிலே மணற்பாதையொன்று அமைத்து நாள்தோறும் அதனைச் சுற்றி நடந்தார். எத்தனை சுற்று என்பதை எண்ணுவதற்குக் கற்களைக் குவித்து வைத்து, சுற்றுக்கு ஒன்றாகத் தள்ளிவிடுவாராம். காந்தியடிகள் பொதுப்பணி மிகுந்திருந்த காலத்திலும் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார். சொல்ல வேண்டியதைக் கடதாசியில் எழுதிக் காட்டினார். வழி எதுவாயினும் ஆகுக. ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். மனத்துயரம் இரு வாரங்களுக்கு மேலாக நீங்காமல் நின்று, உறக்கமும் உணவும் கெடுமாயின், வேப்பமர நிழல் போதாது. தாமதியாது வைத்தியரை நாடவேண்டும்.

இந்த நாழிகைக் கதையை ஒரு நாள் வீட்டிலே சற்றுப் பெருமையோடு எடுத்துரைத்தேன். என் மனைவி சட்டி கழுவிக்கொண்டே, "நீங்கள் அரைமணி முந்திப் போவதற்காக நான் அரைமணி முந்தி எழும்புகிறேனே" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. அடுப்படிக்கு எந்தச் சட்டமும் மணிக்கணக்கு வகுத்ததில்லை. இப்பேச்சையே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார் இதனை நன்கு அறிவர். ஓய்வு கொள்ளும் ஒருவருடைய வேலையை அந்நேரத்தில் வேறொருவர் செய்துகொண்டிருக்கிறார் என்பதை ஐம்பது வயது கடந்தபின் என் சொந்த வீட்டிலேதான் கற்றேன்.

இப்பொழுது மாலை ஆறு மணி முதல் அடுப்படி என் பொறுப்பு. அந்த நேரத்தில் அவர் கிணற்றடியில் மல்லிகைப் பந்தலின் கீழ் அமர்ந்திருப்பார். அங்கே என்ன செய்கிறீர் என்று ஒரு நாள் கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். முதல் வாரம் நான் அவித்த பிட்டு கட்டிபட்டிருந்தது. எவரும் குறை சொல்லவில்லை.