மானுக்கு இடம் பார்ப்பவர்

டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை இது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவர் 80 ஏக்கர் காடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் வேலை, வாரக் கடைசியில் காடு. வாங்கிய கையோடு ஒரு ஆலோசகரை வரவழைக்கிறார். வந்தவர் ஒரு நாள் முழுக்க நிலத்தைச் சுற்றுகிறார், மரத்தை அண்ணாந்து பார்க்கிறார், குனிந்து மண்ணைக் கிளறுகிறார், வரைபடத்தில் கோடு கிழிக்கிறார், கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். எல்லாம் எதற்கு? அந்த 80 ஏக்கரில் மான் தங்குவதற்கு. தங்கிய மானை வேட்டையாடுவதற்கு.

இங்கே 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் ஜெயில்தான் நமக்கு நினைவுக்கு வரும். அங்கே அது உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, எண்ணிக்கைக்குள் நின்று செய்கிற சட்டப்பூர்வமான காரியம். விஸ்கான்சினில் முக்கியமான துப்பாக்கிப் பருவம் நவம்பரில் 9 நாள். பேரனும் தாத்தாவும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு உடுப்பில் ஒன்றாகக் காட்டுக்குள் போவார்கள். கொன்ற மானின் கறி அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுச் சாப்பாடு. வேட்டை சரியா தப்பா என்ற வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அந்த ஆலோசகர் என்ன செய்கிறார், அவருக்குக் காசு கொடுக்கலாமா என்பது மட்டும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிலம் அவருடையது, மான் அவருடையது இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் காட்டு விலங்கு பொதுச் சொத்து. மாநில அரசு அதை மக்களுக்காகப் பராமரிக்கிறது. தன் வேலிக்குள் நிற்கிறது என்பதற்காகப் பருவம் தவறிச் சுட முடியாது, பிடித்து விற்கவும் முடியாது. வெள்ளைவால் மானோ பட்டா பார்த்து மேய்கிற பிராணி இல்லை. அதன் நடமாட்டப் பரப்பு இடத்துக்கு இடம் மாறும் என்றாலும், ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நம் ஆளிடம் இருப்பது அதில் எட்டில் ஒரு பங்கு. ஆக, அவர் காசு கொடுத்து வாங்கக்கூடியது மானை இல்லை. அந்தச் சதுர மைலில் மான் மற்ற இடங்களை விட்டுத் தன் எட்டில் ஒரு பங்குக்கு வர ஒரு காரணத்தைத்தான். ஆலோசகரின் தொழில் முழுக்க அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது.

நல்ல ஆலோசகர் வந்ததும் செடியின் நுனிகளைப் பார்ப்பார். மான் எட்டுகிற நாலைந்து அடி உயரம் வரை காடு மொட்டையாகவும் அதற்கு மேலே பச்சையாகவும் இருந்தால், கத்தரித்த மாதிரி ஒரு கோடு தெரியும். சாப்பாட்டுக்கு மேல் மான் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடத்தில் மானைக் கூட்டுவது பற்றிப் பேசுவதே வீண். குறைப்பது பற்றித்தான் பேச வேண்டும். அடுத்து தரையைப் பார்ப்பார். ஓங்கி வளர்ந்த மரங்கள் தலையோடு தலை சேர்ந்து நிழல் கட்டிய காடு நம் கண்ணுக்கு அழகு. மானுக்கு அங்கே தின்ன அதிகம் கிடையாது, ஒளியவும் இடம் கிடையாது. இலையெல்லாம் 60 அடி உயரத்தில். கீழே சருகு மட்டும். ஓக் மரம் கொட்டை உதிர்க்கும் சில வாரங்கள் தவிர அது காலி அடுக்களை.

அதனால் பெரும்பாலும் அவர் சொல்கிற முதல் வைத்தியம் மரம் வெட்டுவது. மதிப்பில்லாத மரங்களை அங்கங்கே எடுத்தால் வெயில் தரைக்கு இறங்கும். இரண்டு மூன்று வருடத்தில் முள்ளும் கொடியும் இளங்கன்றும் இடுப்பளவு எழும்பும்; உணவும் அதுதான், மறைவும் அதுதான். சிலர் மரத்தைப் பாதி வெட்டிச் சாய்த்துவிடச் சொல்வார்கள். பட்டையின் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதால் சாய்ந்த மரம் உயிரோடு தழைக்கும், மானுக்குப் படுக்கை மறைவாகும். பார்க்கச் சுலபம். ஆனால் இழுவிசையில் நிற்கும் மரம் பிளந்து முகத்தில் அடிக்கும். விலைபோகிற ஓக்கை இப்படிச் சாய்த்தால் பணமும் போகும். அதோடு, வன மேலாண்மைத் திட்டத்தில் பதிந்து வரிச்சலுகை வாங்குகிற நிலம் என்றால், எழுதிக்கொடுத்த திட்டத்துக்கு ஒத்துத்தான் வெட்ட முடியும். ரம்பத்தை எடுக்கும் முன் வனவியலாளர் ஒருவரைக் கேட்கச் சொல்லாத ஆலோசகரை நான் நம்பமாட்டேன்.

மனிதர்களுக்கு வெட்டுவதைவிட விதைப்பதில்தான் ஆசை. மானுக்கென்றே ஒரு துண்டு நிலத்தில் தீவனம் பயிரிடுவது அங்கே பெரிய வியாபாரம். க்ளோவர், ஓட்ஸ், டர்னிப் என்று கலவைகள், பையின் மேல் மரக்கிளை போலக் கொம்பு விரித்த ஒரு மான் படம். அந்தப் படத்துக்குத்தான் பாதி விலை. மண் புளிப்பாக இருந்தால் எந்தப் பையைக் கொட்டினாலும் ஒன்றுதான். சுண்ணாம்பு போட்டுக் கார அமில அளவை 6, 6.5 பக்கம் கொண்டுவந்த பிறகுதான் க்ளோவர் தேறும். மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் மண்ணைச் சோதிக்க ஆகும் செலவு ஒரு பை விதையின் விலையைத் தாண்டாது. மண் சோதனையைக் கேட்காமல் விதைப் பட்டியலை நீட்டுகிறவரிடம், வீட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நழுவிவிட வேண்டும்.

இதுவரை சொன்னதைப் புத்தகம் பார்த்தே செய்யலாம். காசுக்கு உரிய விஷயம் அடுத்தது. மானுக்கு எல்லாம் மூக்குதான். வேட்டைக்காரர் மரத்தில் பரண் கட்டி உட்கார்கிறார். அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழியும், காற்று அவர் வாசனையை எடுத்துப் போகும் திசையும்தான் அந்த நாளைத் தீர்மானிக்கின்றன. தென்மேற்கு விஸ்கான்சின் பனியாறுகள் தொடாத மேட்டுப் பள்ள பூமி. அங்கே விடிந்து வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும். மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு வழியும். காலையில் சரியான பரண் மாலையில் தப்பான பரண். குளிர்காலத்தில் மான் வெயில் படும் தெற்குச் சரிவில் படுக்கும். அதன் படுக்கைக்கும் தீவனத்துக்கும் நடுவில் வீட்டுக்காரர் தினமும் வண்டி ஓட்டிக்கொண்டு, மானைப் படம் பிடிக்க மாட்டிய கேமராவைப் பார்க்கப் போனால், பெரிய கலைமான், அதாவது ஆண் மான், வெளிச்சத்தில் தலைகாட்டாது. இதெல்லாம் சொந்த நிலத்தில் சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாது. தான் நடந்து பழகிய வழியே அவருக்கு வழி. வெளியாள் வந்து, ‘இந்தப் பாதையை மூடுங்கள், ஓடை வழியாகச் சுற்றிப் போங்கள், நடுவில் இருக்கும் இந்த 20 ஏக்கருக்குள் பருவம் முடியும்வரை காலே வைக்காதீர்கள்’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நிலம் வாங்கியவரிடம் நிலத்துக்குள் போகாதே என்று சொல்லிக் கட்டணம் வாங்க ஒரு தைரியம் வேண்டும். அந்தக் கட்டணம் செரிக்கும்.

கொம்பு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆசை அங்கேதான். மான் கொம்பு வருடா வருடம் உதிர்ந்து புதிதாக முளைப்பது. அது பெரிதாவதற்கு வயது, உணவு, மரபு மூன்றும் வேண்டும். முழு அளவுக்கு வர ஐந்து, ஆறு வயதாவது ஆகும். அந்தக் காலத்தில் பெரும்பாலான கலைமான்கள் ஒன்றரை வயதில், முதல் கொம்போடு, சுடப்பட்டுவிடும். 1975இல் டெக்ஸாஸின் அல் பிரதர்ஸ், மர்ஃபி ரே என்ற இரு உயிரியலாளர்கள் எழுதிய புத்தகம் இதை மாற்றச் சொன்னது: இளம் ஆணை விடு, பெட்டையைக் குறை, உணவைக் கவனி. இந்தக் கொள்கைக்காகவே 1988இல் தென் கரோலினாவில் ஒரு சங்கம் பிறந்தது. இப்போது அது தேசிய மான் சங்கம். வயதுக்குக் காத்திருக்கச் செலவே இல்லை, பொறுமைதான் வேண்டும். அது கடையில் கிடைக்காது என்பதால் மரபை விற்கிறார்கள். ‘கொம்பு சரியில்லாத மான்களைச் சுட்டுக் களைந்தால் வம்சம் திருந்தும்’ என்பார்கள். தெற்கு டெக்ஸாஸில் ஒரு பெரிய பண்ணையில் வருடக்கணக்காக, கடுமையாக, அப்படிக் களைந்து பார்த்த ஆய்விலேயே கொம்பு பெரிதாகவில்லை. 80 ஏக்கரில் எப்படி ஆகும்? இளம் ஆண்கள் பெரும்பாலும் பிறந்த இடத்தை விட்டுப் போய்விடும். உங்கள் பரணுக்குக் கீழே நிற்பது யார் வீட்டுப் பிள்ளையோ. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், மெலிந்த மண்ணுள்ள பகுதியின் சிறிய மான்களைப் பிடித்து நல்ல தீனியில் வளர்த்தார்கள். அடுத்த தலைமுறையிலேயே உடம்பும் கொம்பும் பெருத்தன. தாய் சாப்பிட்டது பிள்ளையிடம் தெரிகிறது.

பெட்டையைக் குறைப்பதுதான் எவரும் கேட்க விரும்பாத ஆலோசனை. பெட்டை பெருகினால் காடு தேய்ந்து எல்லாமே மெலியும் என்று பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட் விஸ்கான்சினில் தொண்டை வறளச் சொன்னார். 1943இல் மாநிலம் அவர் பேச்சைக் கேட்டது. பெட்டைகளையும் சுட அனுமதித்த அந்தப் பருவத்தில் சுமார் 1,28,000 மான்கள் விழுந்தன. ஊர் கொதித்தது, பத்திரிகைகள் அதைக் குற்றம் என்றே எழுதின. அவர் சொன்னதில் பிழை இல்லை. அதற்குக் கிடைத்த கூலி வசைதான்.

இந்த ஆலோசகர் தொழிலுக்கு லியோபோல்ட்தான் மூத்தவர். 1928இல் அரசு வேலையை விட்டு, மாநிலம் மாநிலமாக வேட்டை விலங்குகளின் நிலையைக் கணக்கெடுத்தார். பிறகு வேலையில்லாத பஞ்ச காலத்தில் மேடிசனில் தனி ஆலோசகராகவும் இருந்தார். 1933இல் அவருடைய ‘கேம் மேனேஜ்மென்ட்’ (வேட்டை விலங்கு மேலாண்மை) என்ற புத்தகம் வந்தது. அதே வருடம் பேராசிரியரானார். கோடரி, கலப்பை, மாடு, நெருப்பு, துப்பாக்கி இவை எந்த வேட்டை விலங்குகளை அழித்தனவோ அவற்றை இதே கருவிகளைக் கொண்டே மீட்கலாம் என்பது அவர் வாதம். இன்றைய ஆலோசகர் வைத்திருக்கும் பெட்டியிலும் அந்த ஐந்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சங்கதி: அவருடைய கணக்கெடுப்புக்குப் பணம் கொடுத்தது துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் சங்கம். கொடுத்தவர் யாராயிருந்தாலும் கண்டதை எழுதினார் என்பதால் அவர் பெயர் நிற்கிறது.

எல்லோரும் லியோபோல்ட் இல்லையே. நம் ஊரில் நீரோட்டம் பார்க்க வருகிறவரே போர் வண்டியும் வைத்திருந்தால், தண்ணீர் இல்லை என்று அவர் வாயில் வருமா? விதைக் கம்பெனியின் பெயர் பொறித்த சட்டையோடு வருகிற மான் ஆலோசகரும் அப்படித்தான். மரம் விற்றுக் கொடுத்து விற்பனையில் சதவீதம் வாங்குகிறவருக்கு எந்த மரத்தையும் வெட்டலாம் என்றே தோன்றும். நாள் கூலியோ ஏக்கர் கணக்கோ பேசி, வேறு எதையும் விற்காதவராகப் பார்ப்பது நல்லது. அவர் வனவிலங்குச் சங்கத்தின் சான்று பெற்ற உயிரியலாளரா, இதே மாதிரி மண்ணில் வேலை செய்தாரா, பழைய வாடிக்கையாளரின் நிலத்தைப் போய்ப் பார்க்க விடுவாரா என்று கேட்கலாம். மான்களைத் தாக்கும், மருந்தில்லாத ஒரு மூளை நோய் 2002இல் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் கண்ட மாவட்டங்களில் சோளமும் உப்பும் போட்டு மானைக் கூட்டுவது தடை. அது தெரியாமல் தீவனத் தொட்டி வைக்கச் சொன்னால் ஆள் சரியில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பக்கத்து நிலத்துக்காரரையும் மறக்கக்கூடாது. நீங்கள் விட்டுவிட்ட இளம் கலைமானை வேலிக்கு அந்தப் பக்கம் அவர் சுட்டால் உங்கள் தவம் அவர் சட்டிக்குப் போகும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே விதி வைத்துக்கொள்வது எந்த விதைக் கலவையையும்விடப் பலன் தரும். இதை ஆலோசகர் சொல்லலாம். போய்ப் பேச வேண்டியது நீங்கள்.

விஸ்கான்சின் அரசே ஒருமுறை வெளியூர் ஆலோசகரைக் கூப்பிட்டது. மான் எண்ணிக்கை பற்றி வேட்டைக்காரர்களும் அதிகாரிகளும் ஓயாமல் சண்டையிட்டதால், 2011இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர், டெக்ஸாஸ் பேராசிரியர் ஜேம்ஸ் க்ரோலை நியமித்தார். 2012இல் வந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று, அரசின் உயிரியலாளர்கள் தனியார் நில உரிமையாளர்களோடு நேரடியாக வேலை செய்ய வேண்டும் என்பது. அதன்படி 2014இல் மான் மேலாண்மை உதவித் திட்டம் தொடங்கியது. பதிவு செய்கிற நில உரிமையாளருக்கு வாழிடம் பற்றியும் மான் எண்ணிக்கை பற்றியும் அரசின் வல்லுநர்களே வழி சொல்கிறார்கள். நம் 80 ஏக்கர்காரர் முதலில் அழைக்க வேண்டியது அவர்களை. அவர்கள் சொன்னதை ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டு, பரண் எங்கே, பாதை எங்கே என்று அதற்கு மேலும் நுணுக்கமாகக் கேள்வி மிஞ்சினால், அப்போது காசு கொடுத்து ஒருவரைக் கூப்பிடலாம்.