ஆடு வித்த காசு எங்கே போச்சு? மாதச் சம்பளம் இல்லாத வீட்டுக்கும் பட்ஜெட் போடலாம்... எப்படி?

"போன வாரம்தானே ஆடு வித்த காசு வந்துச்சு, அதுக்குள்ள எங்க போச்சு?" மாதச் சம்பளம் இல்லாத வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

சேலம் மாவட்டம் மேச்சேரி, செம்மறி ஆட்டுக்குப் பேர் போன ஊர். கொம்பில்லாத, பழுப்பு நிற 'மேச்சேரி ஆடு' இனத்துக்காகவே பக்கத்தில் உள்ள பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஆனால் ஆட்டுக் காசு 1ஆம் தேதி வராது. விற்கும்போது மொத்தமாக வரும். செலவோ தினமும் இருக்கும். தறிக்காரருக்கு வாரக்கூலி, விவசாயிக்கு அறுவடைக்குத்தான் காசு. இவர்கள் எப்படி பட்ஜெட் போடுவது?

50-30-20 சரிப்படுமா?

வருமானத்தில் 50% அவசியத்துக்கு, 30% ஆசைக்கு, 20% சேமிப்புக்கு. அமெரிக்காவின் எலிசபெத் வாரன் தன் மகளோடு சேர்ந்து 2005இல் எழுதிய புத்தகம் மூலம் பிரபலமான கணக்கு இது. மாதாமாதம் ஒரே தொகை வருபவர்களுக்கு நல்ல வழி. மற்றவர்கள் முதலில் தங்கள் மாத வருமானத்தையே கண்டுபிடிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு குடும்பம் வருடத்தில் 70,000 ரூபாய்க்கு ஆடு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீவனம், மருந்துச் செலவு 10,000 போக மீதி 60,000. அதை 12ஆல் வகுத்தால் மாதம் 5,000. கூலி வேலையில் மாதம் 7,000 வந்தால், அந்த வீட்டின் உண்மையான மாத வருமானம் 12,000. ஆடு விற்ற அன்று கையில் எவ்வளவு இருந்தாலும் சரி, பட்ஜெட் இந்த 12,000க்குத்தான்.

வாரக்கூலிக்காரர்கள் கடந்த 8 வாரங்களில் குறைவான கூலி வந்த வாரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது.

பக்கத்து மாவட்டம் காட்டிய வழி

கணக்கு எழுதுவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், சரியான தவணை, முறையான கணக்குப் புத்தகம். குழுக்களின் ஐந்து விதிகள் இவை. எல்லார் முன்னாலும் கணக்கு வாசிக்கப்படுவதுதான் இதன் பலம். வீட்டிலும் இதையே செய்யலாம்.

மொய் நோட்டையும் மறக்க வேண்டாம். யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு பல வருஷத்துக் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கும் வீட்டில், செலவு நோட்டு மட்டும் இருக்காது!

எப்படித் தொடங்குவது?

1. முதல் மாதம் எழுத மட்டும் செய்யுங்கள். எந்தச் செலவையும் குறைக்க வேண்டாம். எது எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும்.

2. நேரத்தை மாற்றாதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் 5 நிமிடம் போதும்.

3. தலைப்புகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். வீட்டுச் செலவு, கடன்-சீட்டு, படிப்பு-மருத்துவம், தொழில், மொய் உள்ளிட்ட மற்றவை. ஆட்டுத் தீவனத்தை வீட்டுச் செலவில் சேர்த்தால் லாபமா நஷ்டமா என்றே தெரியாது.

4. வாரம் ஒருமுறை, சந்தை நாளில், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். தினம் இரண்டு டீ, ஒரு டீ 15 ரூபாய் என்றால் மாதம் 900 ரூபாய். கூட்டும்போதுதான் இது கண்ணில் படும்.

5. நடுவில் சில நாள் விட்டுப்போனால் நோட்டை மூடிவிடாதீர்கள். கையில் குறையும் தொகையை 'கணக்கில் வராதது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தொடருங்கள்.

ஜிபே, போன்பேயில் எல்லாம் பதிவாகுதே?

கடைக்காரர் பெயரும் தொகையும் பதிவாகும். எதற்காகக் கொடுத்தோம் என்பது பதிவாகாது. 'யுபிஐ லைட்' பயன்படுத்தினால், அதில் பணம் ஏற்றியது மட்டுமே பாஸ்புக்கில் வரும். சின்னச் சின்ன செலவுகள் தனித்தனியாக வராது. அதனால் நோட்டு அவசியம்.

கடன் வாங்கும்போது ஏன் முக்கியம்?

ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு நுண்கடன் தரும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அதாவது 12,000 வருமானத்துக்குத் தவணை 6,000 வரைதான். ஆனால் விண்ணப்பத்தில் 'குத்துமதிப்பா 18,000 போடுங்க' என்று சொல்லிவிட்டால் வரம்பு 9,000 ஆகிவிடும். தவணை போக அந்த வீட்டில் மிஞ்சுவது 3,000 ரூபாய். அதில்தான் அரிசி, பருப்பு, பள்ளிச் செலவு எல்லாம்.

உங்கள் வருமானம் எவ்வளவு என்பதை உங்கள் நோட்டு சொல்லட்டும். கடன் தர வருபவர் சொல்ல வேண்டாம்.