விற்றவர்கள் வைத்த பட்டியல்

கடலூர்க்காரர்களுக்குக் குண்டு சாலை தெரியும், குண்டு உப்பலவாடியும் தெரியும். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய ஆங்கிலேயர், அங்கிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை தங்கள் எல்லை என்று வகுத்துக்கொண்டார்கள். அந்தக் கதையின் மிச்சம்தான் இந்தப் பெயர்கள்.

அன்றைய மதராஸ் கவர்னர் எலிகு யேல். ‘ஏலம்’ என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். இல்லை, அது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். ஆனால் யேலுக்கும் ஏலத்துக்கும் உறவு உண்டு. 1721-ல் அவர் இறந்தபின், சேர்த்து வைத்திருந்த ஓவியங்களும் நகைகளும் இந்தியப் பொருள்களும் லண்டனில் பல முறை ஏலத்துக்கு வந்தன. இன்று கோடிகளில் கலைப்பொருள் விற்கும் இரண்டு பெரிய லண்டன் கம்பெனிகள் அப்போது பிறக்கவே இல்லை. ஒன்று 1744-ல் தொடங்கியது, மற்றது 1766-ல்.

பொருள்கள் சிதறிவிட்டன. ஏலப் பட்டியல்கள் மட்டும் தங்கின. அதனால்தான் முந்நூறு ஆண்டு கழித்தும் அவரிடம் என்னென்ன இருந்தன என்று சொல்ல முடிகிறது. என்னை உறுத்துவது இதுதான். விற்றவர்கள் எழுதி வைத்தார்கள், உடையவர்கள் நாம் எழுதவில்லை.

ஒரு காலத்தில் எழுதியவர்கள்தான் நாம். படையெடுப்புக்கு அஞ்சி 1648-ல் சிதம்பரத்தை விட்டுப் புறப்பட்ட நடராசர், குடுமியான்மலையிலும் மதுரையிலும் இருந்துவிட்டு 1686-ல் திரும்பினார். பிரிந்திருந்த காலம் 37 ஆண்டு, 10 மாதம், 20 நாள். நாள்கூடப் பிசகாத கணக்கு!

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் கோஷ்டத்தில் இருந்த கல் அர்த்தநாரீசுவரருக்கு அப்படிக் கணக்கு வைக்க ஆளில்லை. களவுபோன சிலையை 2004-ல் சிட்னி கலைக்கூடம் ஒன்று விலைக்கு வாங்கியது. அது நம் கோயிலுடையது என்று காட்டிக்கொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பு எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் சிலை இந்தியா வந்தது. அந்தப் படம் எடுக்கப்படாமல் போயிருந்தால்?

களவுபோன சிலை வெளிநாட்டிலேயே பத்திரமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்பாரும் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. சாமி இருக்க வேண்டிய இடம் கோயில்.

நூறு ஆண்டு கடந்த சிலையைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் போன சிலையை மீட்கச் சட்டம் மட்டும் போதாது, சான்று வேண்டும். அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போகும்போது குருக்களிடம் அனுமதி கேட்டு, ஒவ்வொரு சிலையையும் படம் எடுங்கள். உயரத்தையும் தேதியையும் எழுதி, ஊரில் இரண்டு வீட்டிலாவது பிரதி கொடுத்து வையுங்கள்.