புள்ளிக்குப் பின்னே என்ன போடுவது?

கைபேசியில் ‘கதிர்காமம்’ என்று தட்டினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது இலங்கையின் முருகன் கோயில்தான். வழுதாவூர் சாலையும் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கும் புதுச்சேரிக் கதிர்காமம் அதற்குப் பிறகே வரும். பக்தருக்கு இதில் சிக்கல் எதுவும் இல்லை. கதிர்காமத்தில் மனை விற்பவருக்குத்தான் சிக்கல்.

புதுச்சேரியில் மனை வியாபாரம் இன்றும் வாய்ப்பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் நிறையவே நடக்கிறது. லேஅவுட் படம் ஒரு தரகரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், விலை போனில் படியும். ஆனால் வாங்குபவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிஸ் பக்கம் வாழும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் முதலில் பார்ப்பது மனையை அல்ல, இணையதளத்தை. அந்தத் தளத்துக்கு முகவரி வாங்கப் போகும்போதுதான் கேள்வி எழுகிறது: புள்ளிக்குப் பின்னே என்ன போடுவது? டாட் காமா, டாட் இன்னா, புதிதாக வந்திருக்கும் டாட் ப்ராப்பர்ட்டியா?

வால்களின் சந்தை

முகவரியின் இந்தக் கடைசிப் பகுதியைத் துறைக்காரர்கள் டொமைன் எக்ஸ்டென்ஷன் என்கிறார்கள். நாம் வால் என்றே வைத்துக்கொள்வோம். டாட் காம் 1985-லிருந்து இருக்கிறது. இந்தியாவுக்கான டாட் இன் 1989-ல் ஒதுக்கப்பட்டாலும் 2005-ல் விதிகளைத் தளர்த்திய பிறகுதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. இன்று அதை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு.

இணையப் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பு 2012-ல் புதிய வால்களுக்கு விண்ணப்பம் கேட்டது. வந்து குவிந்தவை 1,930. டாட் எஸ்டேட், டாட் ப்ராப்பர்ட்டி, டாட் லேண்ட், டாட் ஹவுஸ், டாட் வில்லாஸ், டாட் அபார்ட்மென்ட்ஸ் எல்லாம் அந்த அலையில் வந்தவை. இவற்றில் பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். டாட் ரியல்டர் மட்டும் வேறு ரகம். அமெரிக்க ரியல் எஸ்டேட் முகவர் சங்கம் 2014-ல் தன் உறுப்பினர்களுக்காகத் திறந்த வால் அது, உறுப்பினர் அல்லாத கதிர்காமத் தரகருக்குக் கிடைக்காது. அதே தரப்பின் டாட் ரியல்எஸ்டேட் 2018 கடைசியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

புது வால் போட்டால் கூகுளில் முதலில் வருவோம் என்று சிலர் விற்கப் பார்ப்பார்கள். நம்ப வேண்டாம். புதிய வால்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை என்று கூகுளே 2015-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே சமயம், ஒரு தளம் எந்த நாட்டு வாசகருக்கானது என்பதற்கு நாட்டு வாலைக் கூகுள் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. இலங்கையின் வால் டாட் எல்கே, நம்முடையது டாட் இன். இரண்டு கதிர்காமங்களில் எது என்ற குழப்பத்துக்கு இது ஓரளவு மருந்து.

காதால் கேட்டு எழுத வருமா?

வாலைவிடப் பெரிய தலைவலி அதற்கு முன்னால் உள்ள பெயர். கதிர்காமத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ‘டிஎச்’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ‘டி’ மட்டும் போடுவார், மூன்றாமவர் ‘கே’ இருக்கும் இடத்தில் ‘ஜி’ வைப்பார். ஊர்ப் பெயரோ 2006-ல் பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி ஆனது. ஆனால் வெளியூர்க்காரர் இன்றும் ‘பாண்டி’ என்றுதான் தேடுகிறார். அதனால் போனில் ஒரு முறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பிழையில்லாமல் தட்டக்கூடிய பெயரே நல்ல பெயர். வாலுக்கும் இதே சோதனைதான். டாட் ப்ராப்பர்ட்டீஸ் என்று சொன்னால், கேட்டவர் பழக்க தோஷத்தில் அதற்குப் பின்னாலும் ஒரு டாட் காம் சேர்த்துவிடுவார்.

ஆங்கில எழுத்தே வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழிலேயே டாட் இந்தியா இருக்கிறது. இந்த வால் 2011-ல் ஒதுக்கப்பட்டது. சாலையோரப் பலகையில் பெயரும் வாலும் தமிழில் நின்றால் பார்த்ததும் புரியும். ஆனால் அதே முகவரியில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டால், பல இணையப் படிவங்கள் இன்னும் ஏற்க மறுக்கின்றன. ஆகவே இதை இரண்டாவது வாசலாக வைத்துக்கொள்வதே நல்லது.

ஓர் எழுத்து, மூன்று நீதிமன்றம்

ஒரே வாலோடு நின்றால் மற்றதை வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களே என்ற பயம் வீணானதல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999-ல் ‘சிஃபி’ என்று தொடங்கும் பெயர்களை வரிசையாகப் பதிவு செய்தது. அவற்றில் ஒன்று சிஃபிரியல்எஸ்டேட் டாட் காம். ஒரே ஓர் ‘எஃப்’ கூடுதலாகச் சேர்த்து இன்னொரு நிறுவனம் டாட் காமிலும் டாட் நெட்டிலும் பெயர் பதிந்துகொண்டது. வழக்கு பெங்களூரு உரிமையியல் நீதிமன்றத்தில் தொடங்கி, கர்நாடக உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. இணையப் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004 மே மாதம் தீர்ப்பு வந்தது. சத்யம் இன்ஃபோவே வென்றது.

சட்டம் துணை நிற்கிறது என்பது ஆறுதல்தான். ஆனால் சிறு வியாபாரியால் மூன்று படி ஏற முடியாது. டாட் இன் பெயர்களுக்கு நிக்ஸியின் நடுவர் முறை இருந்தாலும் அதற்கும் பணமும் நேரமும் வேண்டும். டாட் இன், டாட் காம் இரண்டையும் முதலிலேயே வாங்கி, ஒன்றைத் தட்டினால் மற்றொன்றுக்குப் போகும்படி அமைத்துவிடுவது இதைவிட மலிவு.

காசுக்குக் கிடைக்காத வால்

இனி வாங்குபவர் பக்கம் வருவோம். டாட் இன் என்று இருப்பதால் மட்டும் அது இந்தியாவில் நடக்கும் நிறுவனம் ஆகிவிடாது, வெளிநாட்டில் இருப்பவரும் அதைப் பதியலாம். டாட் லேண்ட் என்று இருப்பதால் நிலம் கைவசம் இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. காசு கொடுத்தால் கிடைக்கும் எந்த வாலும் நம்பிக்கைக்குச் சான்று ஆகாது.

காசுக்குக் கிடைக்காத வால் ஒன்று உண்டு: டாட் ஜிஓவி டாட் இன். அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. தமிழ்நாட்டின் ரியல் எஸ்டேட் ஆணையம்கூட முதலில் சாதாரண டாட் இன் முகவரியில் இயங்கிவிட்டு, பிறகு அரசு வாலுக்கு மாறியது. புதுச்சேரியின் ஆணையத் தளமும் அரசு முகவரியில்தான் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டைத் தாண்டினாலோ திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். புதுச்சேரிக் குழி 576 சதுர அடி. அந்தக் கணக்கில் 500 சதுர மீட்டர் என்பது ஒன்பது குழிக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பதிவான திட்டத்தின் விளம்பரத்தில் ஆணையத்தின் இணைய முகவரியையும் பதிவு எண்ணையும் பளிச்சென்று காட்ட வேண்டும் என்கிறது சட்டத்தின் 11-ஆம் பிரிவு. இணையதளமும் விளம்பரமே. அத்தகைய திட்டங்களில் விற்றுத்தரும் முகவர்களுக்கும் தனிப் பதிவு உண்டு. பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம்.

முகவரியைப் படிக்கும்போது கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டும். பெயரின் நடுவில் ‘ஜிஓவி’ என்று எழுதி, கடைசியில் டாட் காம் போட்டிருந்தால் அது அரசுத் தளம் அல்ல.

முகவரி வாங்கும் முன்

* பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். தளம் வடிவமைப்பவர் பெயரில் இருந்தால், உறவு முறியும் நாளில் முகவரியும் போய்விடும்.
* முதலாண்டு விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். புது வால்களில் வித்தியாசம் பெரிதாக இருக்கும். ஒரே தடவையில் பத்து ஆண்டு வரை பதியலாம்.
* டாட் எஃப்ஆர் மீது ஆசை இருந்தால், அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்திலோ சுவிட்சர்லாந்து போன்ற சில அண்டை நாடுகளிலோ முகவரி வேண்டும். பிரான்சு வாடிக்கையாளருக்கு உங்கள் டாட் இன் தளத்திலேயே பிரெஞ்சில் ஒரு பக்கம் வைத்தால் போதும்.
* திட்டத்துக்கொரு முகவரி வாங்காதீர்கள். மனைகள் விற்றுத் தீர்ந்ததும் அதைப் புதுப்பிக்க மறப்பீர்கள், வேறொருவர் எடுத்துக்கொள்வார். முதன்மைத் தளத்தில் திட்டத்துக்கொரு பக்கம் போதும்.

கதிர்காமத்தில் தொழில் செய்பவருக்கு டாட் இன், துணைக்கு டாட் காம், விரும்பினால் தமிழில் டாட் இந்தியா. இதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. மிச்சமாகும் பணத்தில் வில்லங்கச் சான்று, லேஅவுட் அனுமதி, ஆணையப் பதிவு எண் மூன்றையும் முகப்பிலேயே பார்க்கும்படி தளத்தைச் சீர்செய்யுங்கள். வாங்குபவரும் தளத்தில் உள்ள எண்ணை அரசு முகவரியில் சரிபார்த்த பிறகே முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.