கிறிஸ்துமஸ் வாரமும் சென்னைக்கு வரும் விருந்தினரும்

டிஸம்பர் மாதம் பிற்பகுதியை எட்டியதும் சென்னைக்கு வந்திறங்கும் வெளியூராரின் தொகை பெருகுகின்றது. ஸபைகளின் கச்சேரிகளை நாடி வருவோர் சிலர். விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உற்றார் வீடு தேடி வருவோர் சிலர். குளிர் தேசங்களிலிருந்து வெயிலை விரும்பி வருவோரும் உளர். இவர்களில் அநேகர், கிறிஸ்துமஸ் பண்டிகையை இங்கே எவ்விடத்தில் காணலாம் என்று விசாரிக்கின்றனர். அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, பெரிய ஹோட்டல்களின் விருந்தும், மால்களில் பஞ்சினாலும் நுரையினாலும் செய்த வெண்பனியும், சிவப்பு அங்கி தரித்த தாடிக்காரருடன் நின்று படம் எடுத்துக் கொள்வதுமேயாகும். குழந்தைகளின் வேடிக்கையைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், புல் நுனியில் முத்துப்போல் நிற்கும் மார்கழிப் பனியையன்றி வேறு பனி அறியாத இந்நகரில், இதுவே சென்னையின் கிறிஸ்துமஸ் என்று எண்ணித் திரும்பும் விருந்தினர் மூலப் பத்திரத்தைப் பாராமல் நகலைப் படித்துச் சென்றவரேயாவர். அந்த நகலும் வேறொரு தேசத்துப் பத்திரத்தின் நகல்.

இதனால் விளையும் கேடு ஒன்றுண்டு. கிறிஸ்துமஸ் ஆங்கிலேயருடன் வந்த பண்டிகை என்றும், அவர்கள் கப்பலேறிய பின்னும் நாம் அதைக் கட்டிக்கொண்டு அழுவது அடிமைப் புத்தி என்றும் சொல்வோர் நம்மிடையே இருக்கின்றனர். தேசாபிமானத்தின் பெயரால் இப்படிப் பேசுகின்றவர்கள் தேசத்தின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நலம். கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கடற்கரையில் நிலம் பெற்றது 1639-ஆம் ஆண்டில். மயிலாப்பூரில் காட்டுக்கோயில் என்று ஜனங்கள் வழங்கும் பிரகாச மாதா ஆலயமோ 1516-ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்டது. லஸ் என்னும் பெயர் அந்த ஆலயத்தின் போர்த்துகீசியப் பெயரிலிருந்து வந்ததேயாகும். போர்த்துகீசியருக்கும் முன்பு, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அப்போஸ்தலர் தோமையாரின் சமாதிக்குக் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் யாத்திரை வருவதாக எழுதி வைத்தார். முதல் நூற்றாண்டில் தோமையார் இங்கே வந்தாரா என்பது நம்பிக்கையைச் சார்ந்த விஷயம். அதில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆனால் கோட்டைக்கு அஸ்திவாரம் போடுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே மயிலையில் கிறிஸ்து பிறப்பு விழா நடந்து வந்தது என்பதற்குச் சாட்சியம் போதுமானது. இவ்வளவு தொன்மையுள்ள விழாவை அந்நியச் சரக்கு என்று தள்ளுவது, நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை வாசலில் நிறுத்தி ஊர் பேர் கேட்பதை ஒக்கும்.

ஆகையால் விருந்தினர் முதலில் செல்ல வேண்டிய இடம் பரங்கிமலை. அங்கே விசேஷ நாள் டிஸம்பர் 18. மலையுச்சியில் ஆலயம் எழுப்பத் தோண்டியபோது 1547-இல் ஒரு கற்சிலுவை வெளிப்பட்டது. அதைச் சுற்றிப் பஹ்லவி மொழியில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதாவது, பாரசீகத்துடன் இக்கரைக்கு இருந்த பழைய உறவுக்கு அது கல்லில் எழுதிய அத்தாட்சி. 1558-ஆம் ஆண்டு டிஸம்பர் 18-ஆந் தேதி பூசை நடக்கையில் அச்சிலுவை வியர்வையும் இரத்தமும் சிந்தியதாக ஐதிகம். மலைப்படிகளைக் கட்டுவித்தவர் ஆர்மீனிய வர்த்தகரான பெத்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-இல் மர்மலாங் பாலம் கட்டிய தர்மவானும் அவரே. காலில் வலுவுள்ளவர்கள் வாகனத்தைக் கீழே விட்டு, அப்படிகளில் ஏறிச் செல்க. உச்சியில் நின்றால் ஒருபுறம் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதும், மற்றொருபுறம் நகரம் கடல்வரை பரந்து கிடப்பதும் தெரியும்.

24-ஆந் தேதி இரவுக்குச் சாந்தோம் ஆலயத்தை மிஞ்சிய இடமில்லை. இப்போது நாம் காணும் வெள்ளைக் கோபுரக் கட்டடம் 1896-இல் முடிந்தது. சமாதி அதனினும் பன்மடங்கு பழையது. நள்ளிரவுப் பூசைக்கு வருவோரில் கிறிஸ்தவர் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். குடிலின் முன்னே கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து, வைக்கோலின் மேல் கிடத்திய பாலகனைக் காட்டி நிற்கும் தாய்மாரில் நெற்றியில் குங்குமம் இட்டவர்களும் உண்டு. அவர்களை யாரும் அழைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

அன்றிரவு உறக்கத்தைத் தியாகம் செய்யத் துணிந்தவர்கள் இன்னும் சில மணி நேரம் காத்திருப்பார்களாயின், வேறெந்த நகரிலும் எளிதில் காண முடியாத ஒரு காட்சியைக் காணலாம். டிஸம்பர் 25 எப்போதும் மார்கழியிலேயே வருகிறது. சாந்தோமிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் அவ்வைகறையில் கோலங்கள் விரிந்திருக்கும். திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலித்துக் கொண்டிருக்கும். அதே வேளையில் தமிழ்ப் புரொட்டெஸ்டாண்டு ஆலயங்களில், தலையில் பூ முடித்த பெண்டிரும் புத்தாடை அணிந்த சிறுவரும் இருள் விலகுமுன் ஆராதனைக்கு விரைந்து கொண்டிருப்பர். விடியற்காலையில் எழுந்து, நீராடி, பாடித் தொழுவது என்னும் மார்கழி வழக்கத்தை இவர்கள் யாரிடம் கற்றார்கள் என்று கேட்கத் தேவையில்லை. இந்த மண்ணில் பிறந்தவர்கள், இந்த மண்ணின் வழக்கப்படி தொழுகிறார்கள்.

ஆங்கிலக் கீதங்களைக் கேட்க வேண்டுவோர்க்கு அவற்றுக்கும் குறைவில்லை. ஆனால் தமிழாராதனையைக் கேளாமல் போவது பெரு நஷ்டம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் கல்வி கற்றவர். இரண்டாம் சரபோஜி மன்னரின் நண்பர். குறவஞ்சி என்னும் நமது பழைய கூத்து வகையை எடுத்து, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் அவர். 1864-இல் அவர் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் மறையவில்லை. பண்டிகைக்கு முந்திய இரவுகளில் பெரம்பூர், வேப்பேரி, இராயபுரம் முதலிய பகுதிகளில் வாலிபர்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும்போது பின்னால் நடந்து சென்றால், ஆங்கில மெட்டு ஒன்றும் தமிழ்க் கீர்த்தனை ஒன்றுமாக மாறி மாறிக் கேட்கலாம். கட்டணம் கிடையாது, தெரு நாய்களைக் கண்டு அஞ்சாதிருந்தால் போதும்.

ஸங்கீதத்தைப் பற்றிய பேச்சு வந்தமையால் மற்றொன்றையும் கூற வேண்டும். சென்னையின் புகழ்பெற்ற ஸங்கீத விழாவே ஒருவகையில் கிறிஸ்துமஸ் விடுமுறையின் குழந்தை. 1885-ஆம் ஆண்டு டிஸம்பர் 28-இல் பம்பாயில் முதன்முதல் கூடிய காங்கிரஸ் மகாசபை, நெடுங்காலம் அவ்வாரத்திலேயே கூடி வந்தது. காரணம் வெளிப்படை. அக்காலத்துத் தேசபக்தர்களில் பெரும்பாலோர் எம்போன்ற வக்கீல்கள். கோர்ட்டு மூடினாலன்றி அவர்களுக்கு தேசசேவைக்கு ஒழிவில்லை. 1887-இல் பத்ருதீன் தியாப்ஜியின் தலைமையில் சென்னையில் கூடிய மகாசபையும் அவ்வாறே. 1927 டிஸம்பரில் டாக்டர் அன்ஸாரியின் தலைமையில் சென்னையில் கூடியபோது, பூரண சுதந்திரமே லட்சியம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அதனுடன் ஓர் அகில இந்திய ஸங்கீத மகாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-இல் ஸங்கீத வித்வத் ஸபை தோன்றிற்று. இன்று விருந்தினர் காலை முதல் இரவு வரை கேட்டு மகிழும் கச்சேரிகளுக்கு மூலம் இதுவே. நமது இசையின் இலக்கணத்தை ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர் என்பதையும் ரசிகர்கள் ஞாபகத்தில் வைப்பது நன்று.

பழமையில் நாட்டமுள்ளவர்கள் கோட்டைக்குள் 1680-இல் பிரதிஷ்டையான புனித மேரி ஆலயத்தைக் காணலாம். அதைவிட நம் மனம் ஈடுபடுவது கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில். தேசம் சுதந்திரம் பெற்று ஆறே வாரங்களில், 1947 செப்டம்பர் 27-இல், பல பிரிவினர் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையை அங்கே தொடங்கினர். ஆர்மீனியன் தெருவிலுள்ள 1772-ஆம் ஆண்டு ஆலயம் மற்றொரு கதை. உலகில் ஆர்மீனிய மொழியின் முதற் பத்திரிகையான அஸ்தரார் 1794-இல் வெளிவந்தது இச்சென்னையில். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் அவ்வாலய முற்றத்தில் உறங்குகின்றார். சந்தாதாரர் சிலரை நம்பி, பிறந்த நாட்டுக்கு ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பத்திரிகை தொடங்கிய அவரை, இத்தொழிலில் உள்ள எவரும் ஒருமுறை சென்று வணங்கத்தான் வேண்டும். ஆர்மீனியர்க்குக் கிறிஸ்து பிறப்பு நாள் ஜனவரி 6.

நகருக்கு வெளியே, மழை நன்கு பெய்த ஆண்டுகளில் வேடந்தாங்கல் பறவைகளும், பழவேற்காட்டு ஏரியும் அங்குள்ள டச்சுக்காரர் கல்லறைகளும், மாமல்லபுரமும் ஒவ்வொரு பகலுக்குப் போதும்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. கேக் எங்கும் கிடைக்கும். அச்சு முறுக்கும், கல்கல்லும், அதிரசமும் கிறிஸ்தவர் வீடுகளிலிருந்து தட்டில் வைத்து மூடி அண்டை வீடுகளுக்கு வருகின்றன. தீபாவளிக்கு அங்கிருந்து போன தட்டுக்கு அது பதில் மரியாதை. அந்தத் தட்டை எந்த ஹோட்டலிலும் விலைக்கு வாங்க இயலாது. பழக்கமான வீடு ஒன்று இருந்தால் தயங்காமல் செல்க.

ஆலயத்திற்குள் செல்லும் விருந்தினர் சிலவற்றை அறிந்திருத்தல் முறை. பூசை நடக்கையில் பீடத்துக்கு நேரே கைபேசியை உயர்த்திப் படம் பிடிப்பது அநாகரிகம். நற்கருணை அச்சமயத்தார்க்கே உரியது; வரிசை நகர்கிறதென்று தாமும் எழுந்து போகாமல் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். மறுநாள் 26-ஆந் தேதி கடற்கரைக்குச் செல்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். 2004-இல் அந்நாளின் காலையில்தான் ஆழிப்பேரலை வந்தது. ஆண்டுதோறும் அன்று மீனவப் பெண்டிர் கடலில் பாலும் பூவும் சொரிந்து அழுவார்கள். அவர்களுக்கு இடம் விட்டு விலகி நிற்க வேண்டும்.

அதிகாரிகளிடம் நாம் கேட்பது இரண்டே. ஆலயங்களின் பூசை நேரங்களையும் கீதம் பாடும் நாட்களையும் ஒரே தாளில் தமிழிலும் பிற மொழிகளிலும் அச்சிட்டு ரயில் நிலையங்களிலும் விமான நிலையத்திலும் வழங்க வேண்டும். நள்ளிரவுப் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும் வேளையில் மெட்ரோ ரயில் வழக்கமாக ஓய்ந்திருக்கும். ஆட்டோக்காரர் கேட்டதே கூலி. சாந்தோமிலிருந்தும் லஸ்ஸிலிருந்தும் அந்த ஓரிரவு மட்டும் அதிகாலை இரண்டு மணி வரையில் எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் தாம்பரத்துக்கும் பஸ்கள் ஓடுமாறு செய்தால், வெளியூரார்க்கு மட்டுமல்ல, கைக்குழந்தையுடன் வந்து வீடு திரும்ப வழியின்றி நடைபாதையில் நிற்கும் நம் நகரத்து ஏழைகளுக்கும் உதவியாக இருக்கும்.